நாற்பத்தேழாம் தாளுக்கு ஒரு வண்டி

மெக்கானிக் ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தார். காகிதம் ஒரு தடையுமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இன்னொரு முறை வைத்து இழுத்தார். மறுபடியும் அப்படியே.

"வேண்டாம் சார்," என்றார்.

வண்டியின் சொந்தக்காரர் காட்டுப் பாதைகளில் முப்பது வருஷம் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னங்க வேண்டாம்? பானெட்டைக்கூட நீங்க இன்னும் திறக்கலையே! இன்ஜின் சத்தத்தைக் கேளுங்க. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். பாறை மேல ஏத்தினாலும் ஏறும்."

"ஏறட்டும். கதவு ரப்பர் போயிடுச்சே. ரப்பர் போனா எல்லாமே போச்சு."

பக்கத்தில் நின்றிருந்த வரைபடக்காரர் அசந்துபோனார். நான்கு நாளாக அவர் பழைய பிக்கப் வண்டிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தார். அடிச்சட்டத்தில் துருவைப் பார், கியரைப் பார், புகையின் நிறத்தைப் பார் என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். ரப்பரைப் பற்றி ஒருத்தர்கூட மூச்சு விடவில்லை. காட்டுக்குள் தூசி வரும், தண்ணீர் வரும். முதலில் பார்க்க வேண்டியது கதவைத்தானே!

"அவர் வேண்டாம்னா வேண்டாம்தான்," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

வரைபடக்காரருக்கு வேலை நில அளவை அலுவலகத்தில். பத்தொன்பது வருஷமாக மலைகளையும் ஆறுகளையும் மையால் வரைந்துவருகிறவர். ஒரு மலையிலும் கால் வைத்ததில்லை. அவர் கைக்கு வந்த தாள்களிலேயே அவருக்குச் செல்லமானது நாற்பத்தேழாம் தாள். அதன் நடுவில் இரண்டு சிகரங்களுக்கு இடையே மிளகளவு ஒரு நீலப் பொட்டு இருக்கும். ஏரி. மூன்று பதிப்புகளிலும் அதை அவர்தான் மெல்லிய தூரிகையால் மூச்சை அடக்கிக்கொண்டு நிரப்பியிருந்தார்.

போன வாரம், புதிதாக வந்த மேலதிகாரி அந்தப் பொட்டின் மேல் பென்சிலை வைத்தார்.

"இதை யார் பார்த்தா?"

"பழைய தாள்ல இருக்கு சார்."

"பழைய தாள்ல தப்புகூடத்தான் இருக்கும். மேலேர்ந்து எடுத்த படத்துல அங்க மலையோட நிழல்தான் தெரியுது. ரெண்டு மாசத்துல அச்சுக்குப் போகணும். யாராவது நேர்ல பார்த்துட்டு வந்தா இருக்கட்டும். இல்லேன்னா அழிச்சிடுங்க."

அழிப்பதாவது! அன்று சாயங்காலமே அவர் மனைவியிடம் சொல்லிவிட்டார்.

"நான் வண்டி வாங்கப்போறேன்."

மருந்துக் கடையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த மனைவி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஒரு ஏரியைப் பாக்கறதுக்கு எதுக்கு வண்டி? வாடகைக்கு எடுத்துட்டுப் போங்களேன்."

"கேட்டேன். அந்தப் பாதையைச் சொன்னதும் எல்லாரும் போனை வெச்சுட்டாங்க."

"சரி, வாங்கறதுதான் வாங்கறீங்க, புதுசா வாங்கக் கூடாதா?"

"புது வண்டி முழுக்கக் கம்ப்யூட்டர். காட்டுக்குள்ள ஒரு கம்பி கழண்டா அதுபாட்டுக்குக் கண்ணைச் சிமிட்டிக்கிட்டு நின்னுடும். பழசுன்னா ஒரு தட்டு தட்டினா ஓடும்."

அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதைப் பெயர்க்கக் கடப்பாரை வேண்டும் என்பது மனைவிக்குத் தெரியும். போய்ச் செருப்பைக் கழற்றினார்.

மெக்கானிக்கின் நம்பரைத் தந்தது முடிதிருத்தும் கடைக்காரர். "எங்க தெருவுல அவருக்குப் பேரே மெக்கானிக்தான். அவர் கை வெச்சுட்டுப் போனது எதுவும் மறுபடி படுத்ததே கிடையாது," என்றார், கத்தரியைக் காதருகே சொடுக்கியபடி.

வரைபடக்காரர் உடனே போன் போட்டார். "பழைய வண்டி ஒண்ணு பாக்கணும். பிக்கப். கூட வந்து பார்த்துக் குடுக்கணும்."

"வண்டியா சார்? நான் வந்து..."

"வாங்க வாங்க! அதுக்குத்தானே கூப்பிடறேன். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு!"

மெக்கானிக் வந்தார். கையில் பெட்டி, சட்டைப் பையில் டெஸ்டர், முகத்தில் ஏதோ சொல்ல வந்து விழுங்கிவிட்ட பாவம். அந்தப் பாவத்தை வரைபடக்காரர் ஆழ்ந்த அனுபவம் என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது வண்டி ஒரு கோழிப் பண்ணைக் கொட்டகையில் நின்றது. பண்ணைக்கார அம்மாள் தகரத்தை விலக்கியதும் வண்டியின் பின்தட்டிலிருந்து ஏழெட்டுக் கோழிகள் இறங்கி ஓடின. அடிச்சட்டத்தில் துரு இருந்தது. நாலு பேர் மூன்று முறை தள்ளிய பிறகு இன்ஜின் இருமிக்கொண்டு எழுந்து கொட்டகை முழுக்கக் கரும்புகையைக் கக்கியது.

மெக்கானிக் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தினார். இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். காகிதம் கிழிந்துவிட்டது.

"சார்!" என்று கத்தினார். "இதுதான் வண்டி!"

"புகை வருதே?"

"வெளியதானே சார் போகுது? உள்ள வருதா பாருங்க!"

வரைபடக்காரர் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திப் பார்த்தார். வாஸ்தவம்தான். புகை இல்லை. கோழிச் சத்தம்கூட இல்லை. அந்த நிமிஷமே வண்டி அவருடையதாகிவிட்டது.

வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்ததும் மெக்கானிக் இரண்டு கட்டளைகள் போட்டார். "சுவத்தை ஒட்டி நிறுத்தாதீங்க. பின்னாடி ஒரு சாண் இடம் விடுங்க, காத்து போகணும். அப்புறம், ரொம்ப ஆட்டி அசைச்சுக் கொண்டுவந்திருக்கோம். நாலு மணி நேரத்துக்கு ஸ்டார்ட் பண்ணவே கூடாது."

வரைபடக்காரர் இரண்டையும் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொண்டார்.

"ஒரு சாண் தள்ளினா கேட்டைச் சாத்த முடியாதே," என்றார் மனைவி.

"திறந்தே இருக்கட்டும்."

"என் ஸ்கூட்டர்?"

"கொஞ்ச நாளைக்குக் கூடத்துல இருக்கட்டும்."

ஸ்கூட்டர் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் வந்து நின்றது. திறந்த கேட் வழியாகத் தெருநாய்கள் வந்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டன.

பிறகுதான் வண்டியைக் காட்டுக்குத் தயார்ப்படுத்தும் படலம் ஆரம்பமானது. மேடு பள்ளத்துக்குப் பெரிய டயர் வேண்டுமென்று மாற்றினார்கள். மாற்றியபின் இடதுபுறம் திருப்பினால் டயர் தகரத்தில் உரசி ஊளையிட்டது. அதனால் ஒரு மாதம் அவர் இடதுபக்கம் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் மூன்று முறை வலதுபக்கம் திரும்பிப் போனார். உரசாமலிருக்க வண்டியை உயர்த்தினார்கள். உயர்த்தியதும் டயர் உரசுவது நின்றது. ஆனால் அவரால் வண்டிக்குள் ஏற முடியவில்லை. மனைவியின் சமையலறை முக்காலி வண்டியோடு பயணம் செய்ய ஆரம்பித்தது.

அடுத்து இன்ஜின் கொதித்தது. மெக்கானிக் அரை நாள் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்து, சின்னதாக ஒரு சாமானைப் பொருத்திவிட்டு, முதல் தடவையாக முகம் மலர நிமிர்ந்தார்.

"இனிமே கவலையே இல்ல சார். சூடு ஏறினா தானா நின்னுடும். ஆறினா தானா ஓடும்."

சொன்னபடியே நடந்தது. திங்கட்கிழமை காலை, ஊரே அலுவலகத்துக்குப் போகிற நேரத்தில், நாற்சந்தியின் நட்டநடுவில் வண்டி தானாக நின்றது. பின்னால் முப்பது ஹாரன்கள். போக்குவரத்துக் காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தள்ள வந்தார். வரைபடக்காரர் ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு இறங்கித் தள்ளினார். எட்டாவது நிமிஷம் வண்டி ஆறிவிட்டது. அது தானாகக் கிளம்பிவிட்டது. காவலர் குப்புற விழுந்தார். வரைபடக்காரர் முக்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியைத் துரத்திப் பிடித்தார்.

இதையெல்லாம் பின்னாலிருந்த காரில் உட்கார்ந்து மேலதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஒரு பொட்டுக்காகவாய்யா இவ்வளவும்?"

"பொட்டு இல்ல சார். ஏரி."

"வர்ற திங்கட்கிழமை அச்சுக்குப் போகுது."

"சனிக்கிழமை கிளம்பறேன் சார்."

சனிக்கிழமை விடிந்ததும் மெக்கானிக் பெட்டியோடு வந்து நின்றார். மனைவி சாப்பாட்டுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். "ஏரி இருக்கோ இல்லையோ, என் முக்காலி திரும்பி வரணும்," என்றார்.

மெக்கானிக் ஏறவில்லை. "சார், கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்..."

"பயமா இருக்கா?"

"அது இல்ல சார். எனக்கு வந்து..."

"எனக்கும்தான் இருக்கு. அதையெல்லாம் பார்த்தா ஆகுமா? ஏறுங்க!"

மலைப்பாதை அவர் வரைந்தபடியே வளைந்தது. எந்த வளைவுக்குப் பிறகு பாறை, எந்தப் பாறைக்குப் பிறகு பள்ளம் என்று அவருக்கு மனப்பாடம். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தரம் வண்டி சூடேறி நிற்கும். இருவரும் இறங்கிக் கல்லில் உட்காருவார்கள். ஆறியதும் அது உறுமும். இருவரும் விழுந்தடித்து ஓடி ஏறுவார்கள். ஐந்தாவது ஓட்டத்தில் மெக்கானிக்கின் செருப்பு ஒன்று மலையிலேயே தங்கிவிட்டது.

மத்தியானம் பாதை ஆளுயரப் புல்லுக்குள் இறங்கியது. புல் விலகிய இடத்தில் திடீரென்று தண்ணீர்.

"ஓடை சார்."

"தாள்ல இங்க ஓடையே இல்லையே," என்றார் வரைபடக்காரர். இரண்டு மாதப் பாடும் ஒரு நிமிஷம் அவர் கண் முன்னால் வந்து போனது. "முழங்கால் அளவுதான் இருக்கும். தாண்டிடலாம்."

தாண்டவில்லை. முன்பக்கம் அமிழ்ந்தது. இன்ஜின் ஒரு விக்கல் விக்கிவிட்டு அடங்கியது. தண்ணீர் கதவின் பாதிவரை ஏறி நின்றது. ஆனால் உள்ளே ஒரு சொட்டு வரவில்லை! ஜில்லென்று, சத்தமே இல்லாமல், இருவரும் கண்ணாடிப் பெட்டியில் வைத்த பொம்மைகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள். பானெட்டின் மேல் ஒரு கொக்கு வந்து நின்றது.

"ஆறினா தானா ஓடும்," என்றார் மெக்கானிக், அவருக்கே நம்பிக்கையில்லாத குரலில்.

வரைபடக்காரர் திசைகாட்டியை எடுத்து இடதுபக்கச் சிகரத்தைப் பார்த்தார். வலதுபக்கச் சிகரத்தைப் பார்த்தார். மடியில் தாளை விரித்து, பென்சிலால் இரண்டு கோடுகள் இழுத்தார். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிய இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. நீலப் பொட்டின் மேல்.

"மெக்கானிக்," என்றார் மெதுவாக. "இது ஓடை இல்ல."

"அப்புறம்?"

"நாம ஏரிக்குள்ள இருக்கோம்!"

மெக்கானிக் முழங்கையால் கண்ணாடியின் ஆவியைத் துடைத்துப் பார்த்தார். புல்லுக்கு அப்பால் தண்ணீர் இரண்டு சிகரங்களின் அடிவரை பளபளவென்று விரிந்து கிடந்தது. பத்தொன்பது வருஷமாக மிளகளவில் வரைந்துவந்தவருக்கு அது எவ்வளவு பெரிது என்று இப்போதுதான் தெரிந்தது. ஜன்னலை இறக்கி, கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டார். பிறகு போனை எடுத்துப் படம் எடுத்தார். பத்துப் படம்.

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், இப்பவாவது சொல்லிடறேன். இதுக்கு மேல மனசுல வெச்சுக்க முடியாது. நான் வந்து..."

டடடடவென்று ஒரு டிராக்டர் சத்தம் அவருடைய பேச்சை விழுங்கியது. புல் அறுக்க வந்த விவசாயி ஒருத்தி, ஏரிக்குள் ஒரு வண்டியும் வண்டிக்குள் இரண்டு தலைகளும் தெரிவதைக் கண்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு எதுவும் கேட்காமல் கயிற்றைக் கட்டி, கால் மணி நேரத்தில் வண்டியைக் கரைக்கு இழுத்துப்போட்டாள்.

வரைபடக்காரர் முக்காலியை வைத்து இறங்கிக் கைகூப்பினார். அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். உயர்த்திய உடம்பைப் பார்த்தாள், துருவைப் பார்த்தாள், பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாள். மறுபக்கக் கதவு திறந்தது. பெட்டியும் ஒற்றைச் செருப்புமாக மெக்கானிக் இறங்கினார்.

அவள் முகம் மலர்ந்தது.

"அட, ஃப்ரிட்ஜ் மெக்கானிக் அண்ணனா! நீங்க சரிபண்ணிக் குடுத்த எங்க அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் இன்னிக்கும் ஜம்முனு ஓடுது. ஆமா, பாவம் இந்த சாருக்கு எந்த மடையன்ணே இந்த வண்டியைப் பார்த்து வாங்கிக் குடுத்தான்?"