கரிசல் கண்மாயில் ஒரு கடல்பாலம்

கறுப்புக் கோட்டுப் போட்ட முதல் வருடத்தில் எல்லா வக்கீலுக்கும் ஒரு வியாதி வரும். படித்ததையெல்லாம் கோர்ட்டில் கொட்டித் தீர்க்க வேண்டும் என்கிற வியாதி. எனக்கு அது கொஞ்சம் முற்றியே வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டியில் ஜூனியராக இருந்தேன். பசுவந்தனைப் பக்கத்து டீக்கடைக்காரர் ஒருவர் (ஊருக்கே அண்ணாச்சி, எனக்கும்) கண்மாய் பெருகிய வருடத்தில் பனங்கட்டைகளை ஊன்றி, தண்ணீருக்குள் நீளும்படி ஒரு மரப்பாலம் போட்டார். நுனியில் ஓலைக்கூரை, அதன் கீழே கடை. ஞாயிற்றுக்கிழமையானால் ஜனம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வடை தின்றது. கண்மாய்க்குள் கட்ட இவர் யார் என்று பஞ்சாயத்துத் தலைவர் இடிக்க வந்துவிட்டார். பாலம் போனால் அண்ணாச்சியின் பிழைப்பே போய்விடும்; தடை கேட்டு எங்கள் சீனியரிடம் வந்தார். அவரோ கேஸ் கட்டை என் கையில் கொடுத்துவிட்டு மகள் கல்யாண வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் அலமாரியில் ஒரு பழைய இங்கிலாந்துச் சட்டப் புத்தகம் அகப்பட்டது. அங்கே கடற்கரை ஊர்களில் ஜனங்கள் காற்று வாங்குவதற்கென்றே கடலுக்குள் பாலம் கட்டுவார்களாம். அதற்குப் பார்லிமெண்டில் தனிச்சட்டமே போடுவார்களாம். அப்படி ஒரு பாலத்தைக் கட்டிய கம்பெனி திவாலானது, கப்பல் மோதிப் பாலம் முறிந்தது, ரிப்பேர் யார் தலையில் என்று நகரசபையோடு தலைமுறை கடந்து வழக்கு நடந்தது. கீழே கடல்தரை மகாராணிக்கு, மேலே பலகை கட்டியவனுக்கு. அதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கோர்ட்டில் மகாராணியை நான் இறக்கிவிடவே இல்லை. அலை, ஓதம், கப்பல் என்று முழங்கினேன். முன்சீப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கண்மாயில் இப்போது தண்ணீர் எவ்வளவு என்றார். நிறைய இருப்பதாகச் சொன்னேன் (நான் போய்ப் பார்த்தது கார்த்திகையில், இது சித்திரை). அப்படியானால் நேரிலேயே பார்த்துவிடலாம் என்றார்.

வெளியே வந்ததும் அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். கண்மாய் மாசியிலேயே வற்றிவிட்டதாம்.

"தண்ணி மட்டும் இருந்தா ஜெயிச்சிரலாம் அண்ணாச்சி" என்று புலம்பினேன். அது வெறும் புலம்பல். அவர் அதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொண்டார்.

முன்சீப்பின் ஜீப் வந்தபோது பாலத்தடியில் ஒரு டேங்கர் லாரி தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. சித்திரைக் கரிசல் கால் போகிற அகலத்துக்கு வாய் பிளந்து கிடக்கும். அத்தனை தண்ணீரையும் குடித்துவிட்டு எங்களுக்கு வெறும் சகதியை விட்டுவைத்தது. லாரி அச்சுவரை இறங்கியது. பின்னால் வந்த ஜீப்பும் இறங்கியது. பாலீஷ் போட்ட ஷூவோடு கதவைத் திறக்க ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தேன், ஒரு ஷூ வரவில்லை.

பக்கத்தில் காய்ந்த இடம் பாலம் ஒன்றுதான். முன்சீப், தலைவர், நான் எல்லாரும் அதில் ஏறினோம். இது என்ன தண்ணீர் என்று முன்சீப் கேட்டார்.

"வக்கீல் தம்பி சொன்னாவன்னுதான் ஊத்துனேன் ஐயா" என்றார் அண்ணாச்சி, வெகு பணிவாக.

என் கோட்டு அன்றோடு பெட்டிக்குள் போயிற்று என்றே நினைத்தேன். முன்சீப் என் ஒற்றை ஷூவைப் பார்த்தார், கண்மாயைப் பார்த்தார், பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்ததில் அவ்வளவு நிம்மதி அதற்கு முன்னும் பின்னும் எனக்குக் கிடைத்ததில்லை.

டிராக்டர் வந்து இழுக்கும்வரை எல்லாரும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சி டீ கொடுத்தார். கூரை நிழலில் காற்று நன்றாக வந்தது. இடிக்க வந்த தலைவர் இரண்டாவது வடையை எடுத்தபோது, இது இல்லாவிட்டால் இப்போது எங்கே உட்கார்ந்திருப்பீர்கள் என்று முன்சீப் கேட்டார்.

தலைவர் வடையை மென்று முடித்தார். "தண்ணி வாரப்ப மறிக்காம இருந்தாச் சரி. கெடந்துட்டுப் போவுது. எங்களுக்கும் கூட்டம் போட எடம் வேணும்லா."

சமரசமாக முடிந்தது. கீழே மண் பஞ்சாயத்துக்கு, மேலே பலகை அண்ணாச்சிக்கு. இதைத்தானே நானும் சொன்னேன் என்று வாயெடுத்தேன். முன்சீப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

பாலம் இன்றும் இருக்கிறது. என் ஷூவும் அதன் அடியில் எங்கோ இருக்கிறது. கோடையில் எங்கள் தெருவுக்குள் டேங்கர் லாரி நுழைந்தால் போதும், என் மனைவி மகளுக்குக் குரல் கொடுப்பாள்:

"ஏட்டி, அப்பாவோட கடல் வந்துட்டு. கொடத்தை எடு."