தார் பூசுவதற்கு முன்

கறுப்புப் பூச்சு வாளி வாளியாக வந்து வாசலில் இறங்கியிருந்தது. பூசுவதற்கு முன் டிரைவ்வேயின் தார்த் தரையில் ஒரு புல்கூட நிற்கக்கூடாது. ஆனால் செபமாலைமுத்து இழுத்த புல்லோ, தலையை மட்டும் அவர் கையில் தந்துவிட்டு வேரைத் தார் வெடிப்புக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டது.

லண்டன் வால்தம்ஸ்டோவில் அந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து அவருக்கும் மனைவி இசபெல்லுக்கும் ஒரே வழக்குத்தான். டிரைவ்வேயில் பாதியைக் கிளறி, ரோசா நட்டு, நடுவில் மாதா சிலைக்குக் குகை மாதிரி ஒரு கெபி வைக்கவேண்டும் என்பது அவள் ஆசை. கார் நிற்கிற இடத்தில் ஒரு சாண்கூட விடமாட்டேன் என்பது அவர் பிடிவாதம். இன்றைக்குப் பூசிப் பளபளவென்று ஆக்கிவிட்டால் வழக்கு முடிந்தது. புதுப்பூச்சை யார் கிளறுவார்கள்?

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். அவளோ தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ, கையால இழுத்தால் வேர் வராது. அலவாங்கால கிண்டிப் பாருங்கோவன்."

"அதைத்தான் நானும் யோசிச்சனான்" என்றார். யோசிக்கவேயில்லை.

அலவாங்குக் கம்பியை வெடிப்புக்குள் செருகி ஒரு நெம்பு நெம்பினார். வேர் வந்தது. வேரோடு ரொட்டி அளவில் ஒரு தார்த் துண்டும் வந்தது.

"உது பரவாயில்லை. அடைக்கிற பசை கிடக்கு. நான் விடுவனே?"

அடுத்தது எண்ணெய்க் கறை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார், அது அசைவதாயில்லை.

"பெயின்ற் கரைக்கிற தின்னர் ஊத்தினால் போகுமெல்லே?" என்றாள் இசபெல்.

ஊற்றினார். கறை கரைந்தது. கறைக்குக் கீழே இருந்த தாரும் கரைந்தது. செருப்பு அங்கேயே ஒட்டி நிற்க, அவர் மட்டும் முன்னால் போனார்.

பக்கத்து வீட்டு ரங்கராஜன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "சார், இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்களே, கூப்பிட்டா என்ன?"

"என்ர கை நல்லாத்தானே கிடக்கு. ஆள் என்னத்துக்கு?"

"இவர் சொன்னால் செய்து முடிப்பார்" என்ற இசபெல், உள்ளே போய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் ஒரு மெஷினை உருட்டிக்கொண்டு வந்தாள். "லூர்தம்மா வீட்டுப் பிரஷர் வோஷர். உங்களுக்கு உதவுமெண்டு இரவல் வாங்கி வைச்சனான்."

செபமாலைமுத்துவுக்கு மனம் இளகிவிட்டது. தோற்றுப்போகிறவள் இப்படியும் ஒத்தாசை செய்வாளா? பாவம், பின்வளவில் ஒரு பூச்சாடி வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

"கிட்டப் பிடியுங்கோ. அப்பதான் எல்லாம் போகும்."

கிட்டப் பிடித்தார். எல்லாம் போயிற்று. இளகிய தார் தெறித்தது, அடியில் கிடந்த சல்லி பறந்தது, அதற்கும் கீழே மண் முகம் காட்டியது. மெஷினை நிறுத்தியபோது டிரைவ்வேயில் பாதியைக் காணவில்லை.

அப்போதும் மனிதர் அசரவில்லை. "பார்த்தீரே, இசபெல்? அடித்தளமே உக்கிப் போய்க் கிடந்திருக்கு. நான் கண்டுபிடிச்சபடியால் தப்பிச்சம்."

"நீங்கள் இல்லாட்டி ஆர் கண்டுபிடிச்சிருப்பினம்?" என்று அவள் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தாள்.

அந்த நேரம் வான் ஒன்று வந்து நின்றது. ஈஸ்ட் ஹாமில் பூக்கன்றுக் கடை வைத்திருக்கும் சேகர் இறங்கினார். பள்ளத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு இசபெல்லிடம் திரும்பினார்.

"அக்கா, போன கிழமை நீங்கள் சொன்ன மாதிரியே அண்ணை கிடங்கு வெட்டி முடிச்சிட்டார். ரோசாக்கண்டையும் மண்ணையும் இறக்கட்டே?"