ஒரு வாளி ஏசி தண்ணீர்

எங்கள் வீட்டில் இரண்டு ஏசி. ஒன்று படுக்கையறைச் சுவரில் இருக்கிறது. ராத்திரி அரை மணி நேரம் ஓடும். இன்னொன்று காலையில் ஆரம்பித்து நாள் முழுக்க என்னை ஏசிக்கொண்டே இருக்கும். முதலாவதற்கு ரிமோட் உண்டு. அந்த ரிமோட் இரண்டாவதின் கைப்பையில் இருக்கிறது.

"ஏசி காத்து எனக்கு ஒத்துக்காது. தொண்டை கட்டிக்கும். அப்புறம் கிளாஸ்ல எப்படிக் கத்தறது?" என்பாள் என் மனைவி. தமிழ் டீச்சர். கத்துவதற்கான ஒத்திகை வீட்டில் நடக்கும்.

நானும் எத்தனை நாள்தான் வேர்ப்பது? இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏசியைப் பதினெட்டில் வைத்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சாயங்காலம் வரை தூங்கியே தீருவது என்று முடிவு கட்டினேன். உயிரே போனாலும் சரி. எப்படியும் என் உயிர்தானே போகப்போகிறது!

வழி தானாக வந்தது. சாப்பிட்டு முடித்ததும் கீழே பார்க்கிங்கிற்குப் போன மனைவி, போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"என்னங்க, காருக்கு அம்மை போட்டிருக்கா?"

"நேத்துதானே கழுவினேன்!"

"அதான் கேக்கறேன். கழுவறதுக்கு முன்னாடி வெறும் அழுக்குதான் இருந்துது. இப்ப கண்ணாடி, பானெட், கதவு எல்லாம் வெள்ளை வெள்ளையா புள்ளி. 'க' மேல புள்ளி வெச்சா 'க்'. கார் மேல புள்ளி வெச்சா 'சே'! நாளைக்கு எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் நம்ம கார்ல வர்றாங்க. ஒரு புள்ளி விட்டுப்போனாலே அரை மார்க் குறைக்கிறவங்க. இத்தனை புள்ளியையும் பார்த்தா என்ன செய்வாங்களோ!"

என் மண்டைக்குள் பல்பு எரிந்தது.

"அது உப்பும்மா. போர் தண்ணியில கழுவிட்டுத் துடைக்காம விட்டா தண்ணி காய்ஞ்சு போயிடும், உப்பு மட்டும் உக்காந்துக்கும்."

"சோப்பு போட்டா?"

"அசையாது. வினிகர்ல பாதிக்குப் பாதி தண்ணி கலந்து, துணியை நனைச்சு அதுமேல ரெண்டு நிமிஷம் போட்டு வைக்கணும். கரைஞ்சுடும். அப்புறம் அலசணும். மறுபடியும் போர் தண்ணியில அலசினா?"

"மறுபடியும் அம்மை."

"கரெக்ட்! உப்பே இல்லாத தண்ணி வேணும்."

"அதுக்கு எங்க போறது?"

முகத்தை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். "ஏசியிலேர்ந்து சொட்டுதே, அந்தத் தண்ணிதான். காத்துல இருக்கற ஈரம். பேருக்குக்கூட உப்பு கிடையாது. என்ன, ஒரு வாளி ரொம்பணும்னா அஞ்சாறு மணி நேரம் ஏசி ஓடணும். நான் வேணா உள்ளயே இருந்து பார்த்துக்கறேன்."

"தண்ணி சொட்டறது பால்கனியில. நீங்க உள்ள இருந்து எதைப் பார்ப்பீங்க?"

"சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எந்த ஏசி தண்ணியா இருந்தாலும் உப்பு இருக்காதா?"

"எல்லா ஏசியும் ஒண்ணுதான்!" என்றேன் கம்பீரமாக. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு இருபது வருஷ அனுபவம்.

கைப்பை திறந்தது. ரிமோட் வந்தது. மறுபேச்சே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

படுத்தேன். ஆஹா! போர்வைக்குள் கால் விரல்கள் சில்லென்று ஆயின. ஊர் வெயிலெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. கண் சொருகிய நேரம்.

"எழுந்திருங்க. தண்ணி ரெடி."

"இப்பதானே படுத்தேன்! கால் மணி நேரத்துல எப்படி ரொம்பும்?"

வாசலில் ஐந்து வாளிகள். விளிம்பு வரை தண்ணீர். ஒவ்வொன்றிலும் வீட்டு நம்பர்.

"நம்ம பிளாக் குரூப்ல ஒரு மெசேஜ் போட்டேன். எல்லார் வீட்டு பால்கனியிலயும் வாளி ரொம்பித்தான் இருந்துதாம். எல்லா ஏசியும் ஒண்ணுதானே?"

"நம்ம காருக்கு ஒரு வாளி போதுமேம்மா!"

"போதும். கார் இல்லாத வீட்டு வாளி நமக்கு, பாக்கி நாலு வாளி அவங்கவங்க காருக்கு. சும்மா குடுப்பாங்களா? 'எங்க வீட்டுக்காரர் இதுல கெட்டிக்காரர், புள்ளி போகக் கழுவித் தருவார்'னு சொல்லியிருக்கேன்."

"நீ என்னைக் கேக்கவே இல்லையே!"

"கேட்டா வேண்டாம்பீங்க."

"வெயில்ல கழுவினா உடனே காய்ஞ்சு இன்னும் புள்ளி விழும். சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று கடைசி அஸ்திரத்தை விட்டேன்.

"பார்க்கிங்ல ஏதுங்க வெயில்? போங்க, போங்க. ஏசியை நான் நிறுத்திக்கறேன்."

இறங்கினேன். ஐந்து கார். வினிகர் துணி, அலசல், ஒரு சொட்டுகூடத் தானாகக் காய்வதற்குள் மெத்தென்ற துணியால் துடைப்பு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பொய் சொல்வானேன், மூன்றாவது காரிலிருந்து கை தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. மேல்வீட்டு பேங்க் மேனேஜர் வந்து தன் காரின் முன்கண்ணாடியை எட்டிப் பார்த்தார்.

"சார், கண்ணாடி இருக்கா இல்லையான்னே தெரியல! புள்ளி திரும்ப வராம இருக்க ஏதாவது உண்டா?"

"மெழுகு பூசினா தண்ணி தங்காது, உருண்டு ஓடிடும்" என்று சொல்லித் தொலைத்தேன். கேட்டால் சும்மா இருக்க முடிகிறதா? ஐந்து காருக்கும் மெழுகு பூச வேண்டியதாயிற்று. ஆளுக்கு ஆள் கைகுலுக்கினார்கள். இடுப்பு ஒடிந்தாலும் மனசு குளிர்ந்தது. எங்கள் காரின் கதவில் என் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தது.

மாடி ஏறினேன். அவளுடைய ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு புள்ளிக்குக்கூட மார்க் குறைக்க முடியாது என்று சொல்லப் படுக்கையறைக் கதவைத் திறந்தேன். சில்லென்று காற்று முகத்தில் அடித்தது. ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. என் போர்வை என் தலையணை மேல் சுருண்டு கிடந்தது. அதற்குள்ளிருந்து லேசான குறட்டை.

"அம்மா தாயே! ஏசி காத்து உனக்கு ஒத்துக்காதே?"

போர்வை அசைந்தது. கண் திறக்காமலே பதில் வந்தது.

"கதவைச் சாத்துங்க. குளிர் வெளிய போகுது."