பனியண்ணையின் ஒன்பதாவது நாய்

துபாய், ஷார்ஜா, அஜ்மான், அந்தப் பக்கம் அல் கோபார் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஆகஸ்ட் மாத வெயிலில் வாசலில் நின்று பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் நுழைகிற மனிதர் ஒருவர்தான் தேறுவார். இந்தக் கதையெல்லாம் முடிந்த பிறகு என் கண்ணால் பார்த்தேன். பூட்ஸில் இருந்தது மணல். தட்டியதும் விழுந்ததும் மணல்தான். ஆனால் அவர் நிமிர்ந்து, "இண்டைக்குப் பனி இளகிக் கிடக்கு ஐயா, வழுக்கும், பார்த்து வாங்கோ" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்துக்காரர். நாய்களுக்கும் மனிதர்களுக்கும் அவர் பனியண்ணை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து ஏசி மெக்கானிக்குக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற ஹெல்பராக வந்தவன். இன்றைக்கு அல் குசைஸில் ஏதாவது ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததும் உங்களுக்கு ஜில்லென்று இருந்தால், தாராளமாக என்னை நினைத்துக்கொள்ளலாம். பெரிய படிப்புப் படித்த இன்ஜினியர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எனக்கு முதன்முதலில் கம்பெனி லைசென்ஸுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட கஃபீல் ஒரு அரபி. அவரை நான் அர்பாப் என்றுதான் கூப்பிடுவேன். முதலாளி என்று பொருள். அவருக்கு ஒரு காலத்தில் பருந்து ஆசை இருந்தது, அப்புறம் ஒட்டக ஆசை. பிறகு நார்வே நாட்டின் வடக்குக் கோடிக்குச் சுற்றுலா போனவர், அங்கே பனியில் நாய்கள் இழுக்கிற வண்டியில் ஒரு நாள் ஏறிவிட்டார். அவ்வளவுதான். திரும்பும்போது ஒன்பது நாய்களையும் அவற்றை ஓட்டிய ஆளையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டார். அந்த ஆள்தான் பனியண்ணை. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி, நார்வேயில் மீன் ஃபாக்டரியில் வேலை பார்த்து, மீனை விட நாய் மேல் என்று இந்தத் தொழிலுக்கு வந்தவர்.

பாலைவன ஓரத்தில் அர்பாப் அந்த நாய்களுக்கு ஒரு கொட்டகை கட்டினார். கொட்டகைக்கு ஏசி யார் போட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பையன்களைத்தான் அனுப்பினேன், பனியண்ணையை நான் அப்போது பார்த்ததில்லை. வெயில் காலம் முழுக்க நாய்கள் உள்ளே படுத்திருக்கும். டிசம்பர் வந்தால் விடியற்காலையில் மணலில் நாய்வண்டி டூர். சறுக்குக் கட்டைக்குப் பதிலாக வண்டிக்கு அடியில் பலூன் மாதிரி உப்பிய டயர்கள். முன்னால் உட்காருகிறவர்களுக்குக் கம்பளி, பின்னால் நின்று ஓட்டுகிறவருக்குக் குல்லா. வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று ஏறினார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் அர்பாப் என்னைக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"உன் ஆளு மஜ்னூன் ஆயிட்டான்" என்று ஹிந்தியும் அரபியும் கலந்து சொன்னார். மஜ்னூன் என்றால் பைத்தியம்.

விஷயம் இதுதான். ஒன்பது நாய்களில் முன்னால் ஓடுகிற தலைவன் நாய் செத்துப்போய்விட்டது. அதன் பெயர் ராசன். மீதி எட்டு. ஆனால் பனியண்ணை இன்னமும் வண்டியில் ஒன்பது தோல் வார்களைப் பூட்டுகிறார். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வார் காலியாகக் கிடக்கிறது. அதைத் தாண்டி நடந்த ஒரு டூர்க்காரரை, "ராசன்ர முதுகில மிதிக்காதை" என்று பனியண்ணை பிடித்துத் தள்ளிவிட்டார். புகார் வந்துவிட்டது.

"நீ டூர்க்காரன் மாதிரி போ. அவன் பேசுறது உனக்குப் புரியும். ஆள் சரியில்லைன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா கலாஸ், முடிஞ்சுது. அவனை அனுப்பிடுவேன். நாய்ங்களை ஆளுக்கு ஒண்ணாக் கொடுத்துடுவேன்" என்றார் அர்பாப்.

ஒரு மனிதரின் பிழைப்பு என் நாக்கு நுனியில். எனக்கு அது ஒன்றும் புதிதில்லை. எத்தனையோ பேரை வேலைக்கு எடுத்தவன், அனுப்பினவன். ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவேன் என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் டூர் என்ற சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு ஸ்வெட்டரைத் தேடப் போய்விட்டாள்.

அந்த விடியற்காலையில் மூடுபனி. இங்கே குளிர்காலத்தில் அப்படி இறங்கும். கார் விளக்கு நம் மூக்கைத் தாண்டாது. கொட்டகை வாசலில் போய் நின்றோம். எட்டு நாய்களும் பூட்டித் தயாராக இருந்தன. புறப்படுவதற்கு முன்னால் குரைத்துக் குதித்து ஊரைக் கூட்டுகிற ஜாதி அது. அன்றைக்கு ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. எட்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. முன்னால், அந்தக் காலி வார் கிடந்த பக்கம்.

பனியண்ணை எங்களுக்குக் கம்பளி போர்த்திவிட்டு டூரின் விதிகளைச் சொன்னார்.

"ஐஸ் வெடிக்கிற சத்தம் கேட்டா எழும்பி ஓடக் கூடாது. கையைக் காலை விரிச்சுக் குப்புறப் படுக்க வேணும். விளங்கிச்சோ அக்கா?"

"இங்க ஏதுங்க ஐஸு?" என்றாள் என் வீட்டுக்காரி.

"கீழ இருக்கு" என்றார். சிரிக்கவில்லை.

பைத்தியம்தான், சந்தேகமே இல்லை, டீ குடித்துவிட்டு அர்பாபுக்கு ஃபோன் போட்டுவிடலாம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

பனியண்ணை நாக்கை ஒரு தரம் சொடுக்கினார். வண்டி கிளம்பியது. நாய்களின் மூச்சும் டயர் மணலில் உரசுகிற சத்தமும் தவிர வேறு ஒன்றும் இல்லை. சுற்றிலும் வெள்ளை. மேலே போகிறோமா, கீழே போகிறோமா, தெரியவில்லை. நான் முன்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தேன். காலி வார் மணலில் இழுபட்டுக்கொண்டு வர வேண்டும், இல்லையா? வரவில்லை. தரையைத் தொடாமல், ஒரு நாய் உயரத்தில், விறைப்பாக நின்று போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, அந்தக் கயிறு..." என்றாள் அவள்.

"காத்து" என்றேன். மூடுபனியில் காற்று அடிக்காது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பாதி வழியில் வண்டியை நிறுத்தி டீ கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்றால் பனியண்ணைதான், வேறு யார் இருக்கிறார்கள் அங்கே. பேப்பர் கப்பில் டீ. நான் காலை நீட்டிவிட்டு வரலாம் என்று முன் பக்கமாக நடந்தேன். அங்கே மணலில் சுத்தமான ஒரு துணியை விரித்து, அதன் மேல் எவர்சில்வர் கிண்ணம் ஒன்று. ஆவி பறக்க மீன் கஞ்சி. டூர் போர்டில் காலைச் சாப்பாடு உண்டு என்று போட்டிருந்ததை நான் வாசித்திருக்கிறேன். இவ்வளவு மரியாதையாகத் துணி விரித்து வைத்தால் அது எனக்கு இல்லாமல் வேறு யாருக்கு? குந்தி உட்கார்ந்து குடித்தேன். சொல்லக் கூடாது, அவ்வளவு ருசி. கிண்ணத்தின் அடி தெரிகிற வரைக்கும் தலையைத் தூக்கவில்லை.

தூக்கியபோது எட்டு நாய்களும் எழுந்து நின்றிருந்தன.

அவை என்னைப் பார்க்கவில்லை. அதுதான் விசேஷம். என் முழங்காலுக்குப் பக்கத்தில், இடுப்புக்குக் கீழே, ஒன்றுமில்லாத ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்புறம் ஒவ்வொன்றாகத் தலையைத் தாழ்த்திப் படுத்துவிட்டன. எனக்குப் பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரி வண்டியில் இருந்தாள். பனியண்ணை டீ ஃப்ளாஸ்க்கோடு அந்தப் பக்கம் நின்றார்.

அவர் வந்து கிண்ணத்தைப் பார்த்தார்.

"குடிச்சிட்டியளோ?"

"நல்லா இருந்துச்சுண்ணே."

"அது ராசன்ர பங்கு."

வண்டியிலிருந்து குரல் வந்தது. "கிண்ணத்த கண்டா யாருக்குன்னு கேக்க மாட்டீங்களா? கல்யாண வீட்டுலயும் இதே கதைதான்!"

பனியண்ணை நாக்கைச் சொடுக்கினார். ஒரு நாயும் அசையவில்லை. கூப்பிட்டார், கெஞ்சினார், பாட்டுக்கூடப் பாடினார். ம்ஹூம். காலி வார் மணலில் செத்த பாம்பு மாதிரி கிடந்தது. ஃபோனில் சிக்னல் இல்லை. மூடுபனி இன்னும் இறுகிவிட்டது. பனியண்ணை வண்டி ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அர்பாப் அனுப்பின ஆள் நீங்கள்தான் எண்டு எனக்குத் தெரியும் ஐயா."

"எப்படித் தெரியும்?"

"நாய்வண்டியில ஏற ஆர் கோட் சூட் போட்டு வருவினம்?"

நான் குனிந்து கோட்டைப் பார்த்தேன். கோட் நல்ல கோட்.

"விசர், மஜ்னூன் எண்டு சொல்லப் போறியள், சொல்லுங்கோ. டிக்கெட் போட்டா நான் ஏறிடுவன். ஆனா இவை அர்பாபின்ர பேரில இருக்கினம். ஆளுக்கொரு வீட்டுக்குப் பிரிச்சிடுவார். ஒண்டை விட்டு ஒண்டு தின்னாதுகள். ராசன் செத்த கிழமை முழுக்க எட்டும் பட்டினி கிடந்ததுகள். அவன்ர வாரைத் திரும்பப் பூட்டின பிறகுதான் வாய் வைச்சதுகள். நான் பூட்டாமல் என்ன செய்யிறது?"

 நான் காலிக் கிண்ணத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"இப்ப என்னண்ணே செய்யணும்?"

"அவன்ர பங்கைக் குடிச்சவர்தான் அவன்ர இடத்தில நிக்க வேணும்."

"யாரு, நானா? எனக்குக் கீழ எத்தனை பேரு வேலை பாக்கிறாங்க தெரியுமா?"

"போங்க" என்றாள் வீட்டுக்காரி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு. "குடிச்சீங்கல்ல?"

போனேன். கோட்டோடு, ஷூவோடு, அந்தக் காலி வாரைக் குனிந்து எடுத்தேன். எடுத்ததும் கை மரத்துவிட்டது. தோலின் மேல் வெள்ளையாக ஐஸ் பூத்திருந்தது. ஐஸ் எங்கே பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று பார்ப்பதிலேயே தலை நரைத்தவன் நான். காஸ் கம்மியானால் காயிலில் பிடிக்கும், ஃபில்டர் அடைத்தால் பிடிக்கும். என்னதான் குளிர் என்றாலும், பாலைவனத்து மணலில் கிடந்த ஒரு தோல் வாரில் பிடிக்க வழியே இல்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஐஸேதான்.

நான் ஓர் அடி வைத்தேன். பின்னால் எட்டு நாய்களும் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது.

ரோடு இடது பக்கம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்த மண்ணில் எனக்குத் திசை தவறியதே கிடையாது. இடது பக்கம் திரும்பினேன். வார் திரும்பவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது என் கையில் வலது பக்கம் இழுத்தது. பின்னாலிருந்து இல்லை. முன்னாலிருந்து. பிடிவாதக்கார நாயைச் சங்கிலியில் கூட்டிப் போனவர்களுக்கு அந்த இழுப்புத் தெரியும். நானும் பிடிவாதக்காரன்தான். இழுத்துப் பார்த்தேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. விட்டுக்கொடுத்தேன். என் ஆயுளில் நான் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு தரம்தான், அதுவும் யாருக்கு என்று இன்னும் தெரியாது.

கொஞ்ச தூரம் போனதும் இடது பக்கம், என் காலுக்குப் பக்கத்திலேயே, மணல் சரிந்து பள்ளத்தில் கொட்டுகிற சத்தம் கேட்டது. வெகு நேரம் கொட்டியது. அந்தப் பக்கம் நான் பார்க்கவே இல்லை. முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு நாயின் உயரத்தில், லேசாக மூச்சு இரைக்கிற ஓசை என் கூடவே வந்தது. பயமாக இருந்ததா என்று கேட்டால், வாரை விட்டுவிடத்தான் பயமாக இருந்தது.

மூடுபனி கிழிந்தபோது எதிரே கொட்டகை. வாசலில் அர்பாப், கையில் காவா என்கிற அரபிக் காப்பிக் கோப்பையோடு. நாய்களுக்கு முன்னால் ஏசி கம்பெனி முதலாளி தோல் வாரைப் பிடித்துக்கொண்டு வியர்வை வடிய நடந்து வருகிறான். பின்னால் வண்டியில் அவன் பெண்டாட்டி மகாராணி மாதிரி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு வருகிறாள். காவா அர்பாப் கையிலேயே ஆறிப்போயிருக்கும்.

அவர் என்னைத் தனியாக அழைத்தார். "சொல்லு. மஜ்னூனா?"

நான் திரும்பிப் பார்த்தேன். பனியண்ணை எங்கள் பக்கம் பார்க்கவில்லை. ஒவ்வொரு நாயாக வாரை அவிழ்த்துக் காதைத் தடவிக்கொண்டிருந்தார், கடைசித் தடவை மாதிரி. எட்டையும் அவிழ்த்துவிட்டு, முன்னால் வந்து, ஒன்றுமில்லாத இடத்தில் குனிந்து அதே மாதிரி அவிழ்த்தார்.

"மாஃபி மஜ்னூன்" என்றேன். "ஆளு சரியாத்தான் இருக்காரு. ஒம்போது நாயும் நல்லா ஓடுது அர்பாப்."

"எட்டு" என்றார் அர்பாப்.

"ஒம்போது."

நான் ஐந்தாம் வகுப்பு என்பது அவருக்குத் தெரியும். என் கணக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தோளைத் தட்டிவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார். அதோடு அந்தப் பேச்சு கலாஸ்.

பனியண்ணை வந்து நன்றி சொல்வார் என்று நான் கோட்டைச் சரிசெய்துகொண்டு நின்றேன். வந்தார்.

"ஐயா, இழுக்கேக்க நீங்கள் தோளைத் தொங்கப் போடுறியள். பின்னால வாறவைக்கு அது பிடிக்காது. அடுத்த முறை கவனியுங்கோ" என்றார்.

இப்போதும் வெயில் காலத்தில் எங்காவது ஏசி நின்றுவிட்டது என்று ஃபோன் வந்தால், பையன்களை அனுப்பிவிட்டு நான் ஆபீஸில் உட்கார்ந்திருப்பேன். ஏணியில் ஏறி எத்தனையோ வருஷமாகிறது. பனியண்ணையின் கொட்டகையிலிருந்து ஃபோன் வந்தால் மட்டும் பையன்களிடம் சொல்வதில்லை. டூல் பையை எடுத்துக்கொண்டு நானே போகிறேன்.