புதுமைக்கு முன்னுதாரணம் கேட்பவர்

புத்தாக்க அதிகாரி என்றொரு இனம் உண்டு. தேசியப் புத்தாக்கக் கொள்கை வெளியான மறுவாரமே எல்லா அலுவலகங்களிலும் முளைத்துவிட்டது. அதற்கு முன் இவர்கள் எங்கே இருந்தார்கள்? அதே நாற்காலியில்தான். கதவில் இருந்த பலகை மட்டும் மாறியது.

கொள்கையின் நூற்றெண்பது பக்கங்களையும் ஒப்பிக்கும் நாக்கு, வாக்கியத்துக்கு ஒரு முறை வந்துவிழும் 'அறிவுசார் பொருளாதாரம்', சுவரில் எரியாத பல்பின் படம், 'இனிமே மூளைதான் நம்ம சுரங்கம்' என்று சொல்லித் தன் தலையைத் தானே தட்டிக் காட்டும் விரல், இவையெல்லாம் அடையாளங்கள். தட்டும்போது ஒரு சத்தம் வரும். அதை விட்டுவிடுவோம்.

இந்த இனத்தவர் ஒருவரிடம் ஒரு லேத் பட்டறைக்காரி வந்தாள். வாதத்தில் விழுந்த கணவரைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனவள். இரும்புக் குழாயும் பல்சக்கரமும் வைத்து, நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒரே ஆள் தூக்கி வைக்க ஒரு கருவி செய்திருந்தாள். மருத்துவமனை வாங்கத் தயார். இவர் கையெழுத்து வேண்டும்.

"பிரமாதம்மா! கொள்கை இதைத்தான் கேக்குது. ஆனா விண்ணப்பத்துல பதினோராவது கட்டத்தைக் காலியா விட்டுட்டீங்களே?"

"அதுல என்ன சார் எழுதணும்?"

"இது ஏற்கெனவே நல்லா ஓடுற மூணு இடம்."

"புதுசு சார். என் வீட்டுல மட்டும்தான் ஓடுது."

"வேற யாராவது பண்ணியிருந்தா நானும் தைரியமா போட்டுடுவேன்."

"வேற யாராவது பண்ணியிருந்தா நான் எதுக்கு சார் மண்டையை உடைச்சுக்கணும்?"

"கோவப்படாதீங்கம்மா. நானும் புள்ளகுட்டிக்காரன்."

எட்டு மாதம் நடந்தாள். ஒன்பதாவது மாதம், கப்பலில் வந்திறங்கிய ஒரு கருவியை அதே மருத்துவமனையில் இவரே ரிப்பன் வெட்டித் தொடங்கிவைத்தார். அதே குழாய், அதே பல்சக்கரம். பெயின்ட் மட்டும் நீலம். பத்திரிகையில் வந்த படத்தைக் கத்தரித்து, பதினோராவது கட்டத்தில் ஒட்டி, அவள் மறுபடி நீட்டினாள்.

இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அடடா, இதுதான் ஏற்கெனவே வந்துடுச்சேம்மா. இதுல என்ன புதுமை?"

பட்டறைக்காரி விண்ணப்பத்தை மடித்துக்கொண்டாள்.

"ஒரே ஆளா தூக்கலாம்னு சொன்னேன்ல சார்? எந்திரிக்க வேணாம். அப்படியே இருங்க, காட்டறேன்."

இவர் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

வாசகரே, இந்த இடத்தில் நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அதற்கு எதற்குப் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறீர்கள்?