ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோரு ஆண்டு தாமதம்

ஷிலுவோ,
குடியரசு ஆண்டு 115, பிப்ரவரி 4
(உன் அட்டவணைக்குப் புரியும்படி: 2026)

மைத்துனன் யூசெங்குக்கு,

உன் அக்காவும் நானும் நலம். உன் நலத்தையும் உன் மனைவியின் நலத்தையும் விசாரிப்பது முறை என்பதால் விசாரிக்கிறேன். தைபேயில் மழை என்று செய்தியில் சொன்னார்கள். வெளியே போனால் குடை எடுத்துப் போ. 103ஆம் ஆண்டு நீ இரவல் வாங்கிப்போன குடை எங்களுடையது என்பதையும் இந்த இடத்தில் நினைவூட்டிவிடுகிறேன். தொலைபேசியில் பேசினால் உன் அக்கா பாதியில் பிடுங்கிக்கொண்டு உன் பக்கம் பேசுவாள். அதனால்தான் கடிதம்.

நேற்று மதியம் நம் சோயா சாஸ் ஆலையின் ஆண்டிறுதி விருந்து. கோழியின் தலை என்னைப் பார்த்தது. தட்டில் இருக்கும் கோழித்தலையை முதலாளி யார் பக்கம் திருப்பி வைக்கிறாரோ அவர் புத்தாண்டுக்குப் பிறகு வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற அந்தப் பழைய வழக்கம் எங்கள் ஆலையில் செத்தேபோய்விட்டது என்று நம்பியிருந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக முதலாளி லியாவ் அம்மாள் தலையைத் தன் பக்கமே திருப்பிவைத்து எல்லோரையும் நிம்மதியாகச் சாப்பிட விட்டவர். நேற்று அவர் தட்டைத் தொடவே இல்லை. சுழலும் வட்டப்பலகையின் நடுவில் கோழி. பொதிகட்டும் பிரிவின் தூ முஷெங் இறால் வேண்டுமென்று பலகையைச் சுழற்றினான், தலை என்னிடம் வந்தது. எனக்குச் சூப் வேண்டாம், இருந்தும் சூப்புக்காகச் சுழற்றினேன், தலை அவனிடம் போனது. அவனுக்கு மறுபடி இறால். இப்படி ஏழு சுற்று. ஒருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை. எட்டாவது சுற்றில் லியாவ் அம்மாள் உள்ளங்கையால் பலகையை நிறுத்தினார்.

"ஜியான், கோழி உங்களைத்தான் பாக்குது."

"தற்செயல் அம்மா."

"உங்க பிரிவு ஒரு புகாரைத் தீர்க்க ஆறு லட்சத்துத் தொண்ணூத்தெட்டாயிரத்து இருபத்திரண்டு நாள் ஆகுதாமே? அதுவும் தற்செயலா? ஹான் வம்சத்துல வந்த புகாரையா இப்பத்தான் முடிச்சீங்க?"

"காகிதம் கண்டுபிடிச்ச புதுசும்மா அது," என்றான் தூ முஷெங், இறாலை உரித்தபடி. "புகாரைத் தேடி எடுக்கவே நேரமாயிருக்கும்."

மேசை முழுவதும் சிரித்தது. இலக்கியத்தில் முதுகலை முடித்த என்னைப் பார்த்து, வரலாற்றில் இரண்டு முறை தோற்ற அவன் ஹான் வம்சத்து நகைச்சுவை சொல்கிறான். இதற்குக் காரணம் நீ.

தலைமை அலுவலகத்திலிருந்து நீ கணினியில் செய்து அனுப்பிய புகார் அறிக்கை வந்த அன்றே எனக்குச் சந்தேகம். மேலே மாதத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி வைத்திருந்தாய். ஜனவரியைத் தேர்ந்தெடுத்தேன், எங்கள் பிரிவு தீர்த்த புகார் ஒன்றுகூட இல்லை. பிப்ரவரி, சுழியம். டிசம்பர்வரை சுழியம். எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் 643. பன்னிரண்டு சுழியங்களைக் கூட்டினால் 643 வரும் என்று எந்தப் பள்ளியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ சிரித்தது எனக்கு மறக்காது.

"அத்தான், அது எங்கயும் எழுதிவச்ச எண் இல்ல. கணக்கீடு. நீங்க எதைத் தேர்ந்தெடுக்கிறீங்களோ அதுக்குத் தக்கபடி அப்பப்பப் போட்டுச் சொல்லும்."

உன்னைப் போல என்று நினைத்துக்கொண்டேன். அக்கா எதிரில் ஒரு பதில், என் எதிரில் ஒரு பதில்.

"சரி, மாதத்தைத் தொட்டதும் எங்க புகார் எல்லாம் எங்கே ஓடிப்போகுது?"

"உங்க ஆளுங்க வருஷத்தைக் குடியரசுக் கணக்குல 114னு போட்டிருக்காங்க. என் தேதி அட்டவணை 2015ல ஆரம்பிக்குது. உங்க அட்டவணைக்கும் அதுக்கும் நடுவுல உறவுக்கோடு போட்டுத்தான் இருக்கேன். ஆனா பொருந்துற தேதி அந்தப் பக்கம் இல்லியே! பொருந்தாததெல்லாம் பேரில்லாத ஒரு வரியில போய் உக்காந்துக்கும்."

"அந்த வரி எங்கே?"

"பாக்க அசிங்கமா இருந்துச்சு அத்தான். மறைச்சுட்டேன்."

ஓராண்டு முழுக்க நாங்கள் செய்த வேலையை அசிங்கம் என்று மறைத்துவிட்டாய். 114 என்று போடச் சொன்னவன் நான்தான். என் அடையாள அட்டையில், வரிப் படிவத்தில், பள்ளிச் சான்றிதழில், உனக்கு இந்த வேலை கிடைக்க 98ஆம் ஆண்டு நான் எழுதித்தந்த பரிந்துரைக் கடிதத்தில் எல்லாம் அந்த ஆண்டுதான் இருக்கிறது. பதிவு செய்யும் ஜோங் அக்கா நாற்பது வருடமாக அப்படித்தான் போடுகிறார். புகார் வந்த தேதி அவர் கையால் 114, முடிந்த தேதி உங்கள் தலைமை அலுவலக இயந்திரத்தால் 2025. அதிலிருந்து இதைக் கழிக்கச் சொல்லிக் கணக்கீடு எழுதியவன், நடுவில் கிடக்கும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோரு ஆண்டுகளைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? எங்களால் மொத்தக் கம்பெனியின் சராசரியே 585 ஆண்டாகிவிட்டதாம். தூ முஷெங் அதைப் பெரிதாக அச்சடித்துக் கழிப்பறைக் கதவில் ஒட்டியிருக்கிறான்.

உன் கோடும் ஒருவழிப் பாதை என்று நீயே சொன்னாய். தேதி அட்டவணையில் தேர்ந்தெடுப்பது எங்கள் அட்டவணையைச் சல்லடை போடும், எங்களுடையது தேதியை ஒன்றும் செய்யாது. நம் குடும்பத்தில் பதினேழு வருடமாக நடப்பது அதுதான். அங்கிருந்து இங்கே வேண்டுகோள் வரும். இங்கிருந்து அங்கே குடை போகும்.

நான் எப்படி வேலை செய்கிறவன் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களைப் போல "வருந்துகிறோம்" என்று அச்சடித்த அட்டையை அனுப்புகிறவன் அல்ல. ஒவ்வொரு புகாருக்கும் தூரிகையால் நான்கு பக்கம், மை காய்ந்த பிறகு ஒரு முறை படித்து, பிடிக்காவிட்டால் கிழித்து மறுபடி நான்கு பக்கம். சாங்ஹுவாக்காரர் ஒருவர் எங்கள் சாஸைக் குட்டைத் தண்ணீர் என்று எழுதினார். அந்தத் திமிர் அடங்கட்டும் என்று மூன்று மாதம் ஆறப்போட்டுத்தான் பதில் எழுதினேன். அவர் மறுபடி எழுதவே இல்லை. அதற்குப் பெயர் தரம்.

விருந்து முடிந்ததும் லியாவ் அம்மாள் என்னைத் தனியே அழைத்தார்.

"இங்க பாருங்க ஜியான், ரெண்டாயிரம் வருஷம்னா அது மெஷின் தப்புன்னு எனக்கும் தெரியும். தப்பான எண்ணை வச்சு உங்களை அனுப்பினா ஊர் என்னைப் பாத்துச் சிரிக்கும். திங்கக்கிழமைக்குள்ள சரியான எண்ணைக் கொண்டாங்க. பத்து நாளுக்குள்ள இருந்தா இங்கயே இருங்க. இல்லேன்னா பெங்ஹூ தீவுக் கிடங்குல ஒரு ஆள் குறையுது."

"எண் வரலேன்னா?"

"வர்ற வரைக்கும் உங்களை எப்படி அனுப்புறது?"

பெங்ஹூவில் காற்று மட்டும்தான் இருக்கிறது. என் வயது ஐம்பத்து மூன்று, தலையில் மிச்சமிருப்பது கொஞ்சம் முடி. ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு, 114ஐ 2025 ஆக்கி, கோட்டைப் பொருத்தி, மறைத்த வரியை வெளியே இழுத்து, உண்மையான சராசரியை லியாவ் அம்மாளுக்கு நேரடியாக அனுப்பு. உண்மையைக் கண்டு நான் பயப்படுகிறவன் அல்ல.

வரும் குதிரை ஆண்டில் உன் வீட்டில் அரிசிப்பானை நிறைந்திருக்கட்டும், உன் அட்டவணைகள் ஒன்றோடொன்று சமாதானமாக இருக்கட்டும்.

உன் அக்காவின் கணவன்,
ஜியான் தேஷின்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். உன் அக்கா கால்குலேட்டரோடு வந்தாள். "ஏங்க, அந்த 1911 வருஷத்துக்கு எத்தனை நாள்?" லீப் ஆண்டுகளையும் சேர்த்து 697,979. 698,022இலிருந்து அதைக் கழித்தாள். மிச்சம் நாற்பத்து மூன்று. மூன்று முறை கழித்துப் பார்த்தோம், நாற்பத்து மூன்றுதான். தூ முஷெங்கின் பிரிவுக்குத் தன் புகாரைத் தீர்க்க ஆறு நாள். உன் அட்டவணையில் கை வைக்காதே. தேதி, கோடு, மறைத்த வரி எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும். திங்கட்கிழமை லியாவ் அம்மாள் கூப்பிட்டால் கோளாறு மிகச் சிக்கலானது, பல மாதம் ஆகும் என்று சொல். ஆறு லட்சத்தை ஒருவரும் நம்பமாட்டார்கள், நாற்பத்து மூன்றை எல்லோரும் நம்பிவிடுவார்கள். குடையை நீயே வைத்துக்கொள்.