வெரிபீ விமானத்துக்கு ஒரு காப்புறுதி

வீட்டில் தோசை சுட்டால் கேட்காமலே நாலு பேர் வருவார்கள். வீட்டில் விமானம் செய்தால் பெற்ற மகள்கூட ஏறமாட்டாள். காப்புறுதிக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வெரிபீ என்னும் எங்கள் ஊரில், வீட்டுக் கராஜில், இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம் ஒன்றை நானே பல வருடமாகச் செய்து முடித்திருந்தேன். (அத்தனை வருடமும் மனைவி சுமதியின் கார் தெருவில்தான் நனைந்தது.) பறக்கவேண்டியதுதான் பாக்கி. ஆனால், நிறுத்த இடம் தருவதாகச் சொன்ன விமானத்திடல்காரர், "காப்புறுதி இல்லாமல் உள்ளே விடமாட்டேன்" என்றுவிட்டார்.

ஒவ்வொரு இன்சூரன்ஸ் நிறுவனமாகப் போனில் அழைத்தேன்.

"தயாரித்தது யார்?"

"நான்தான்."

"ஓட்டப்போவது?"

"அதுவும் நான்தான்."

"இதை எத்தனை மணிநேரம் ஓட்டியிருக்கிறீர்கள்?"

"காப்புறுதி கிடைத்தால்தானே ஓட்டலாம்?"

"கொஞ்சம் ஓட்டிவிட்டு அழையுங்கள்."

எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். பின்னேரங்களில் விமானத்துக்குள் ஏறி, கராஜ் சுவரைப் பார்த்தபடி இருப்பேன். சுமதி வந்து கண்ணாடியைத் தட்டுவாள். "சோறு ஆறுது. இறங்கி வாங்கோ."

கடைசியில் ஒரு நிறுவனம், பார்வையிட ஆள் அனுப்பச் சம்மதித்தது. வந்தவர் மிகவும் மரியாதையான மனிதர். காரை, கராஜிலிருந்து தெருவுக்குச் சரிந்து இறங்கும் எங்கள் வாசல் பாதையின் அடியில் நிறுத்திவிட்டு வந்தார். கராஜில் வெளிச்சம் போதாது என்று எனக்குப் பட்டது. இறக்கைகளைக் கழற்றிச் சுவரோரம் வைத்திருந்ததால், உடலை மட்டும் வெளியே தள்ளிக் காட்டலாம் என்று வாலைப் பிடித்தேன்.

"பள்ளம், பாத்துத் தள்ளுங்கோ" என்றாள் சுமதி.

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

பிரேக் விமானத்துக்குள் இருந்தது. நான் வெளியே இருந்தேன். சக்கரங்கள் கராஜ் வாசலைத் தாண்டியதும், இறக்கை இல்லாமலே அது கிளம்பிவிட்டது. வாலைக் கட்டிப்பிடித்தேன். என்னையும் இழுத்துக்கொண்டு போய், அந்த மரியாதையான மனிதரின் கார்க் கதவில் மூக்கைப் புதைத்துக்கொண்டுதான் நின்றது. என் ஒற்றைச் செருப்பு பாதி வழியில் கிடந்தது.

அவர் கதவை நெடுநேரம் பார்த்தார். பிறகு, தொழில் பழக்கமோ என்னவோ, "உங்கள் விமானத்துக்குக் காப்புறுதி இருக்கிறதா?" என்று கேட்டார்.

சுமதி அவசரமாகக் குசினிக்குள் போனாள். (சிரித்து முடித்து வெளியே வர வெகுநேரமானது.)

அன்று நான் சாப்பிடவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆச்சரியமாக, அந்த நிறுவனமே பிறகு காப்புறுதி தந்தது. ஒரே ஒரு நிபந்தனை: விமானம் அசையாமல் நிற்கும்வரைதான் செல்லும். பறந்தால் இல்லை. உருட்டினாலும் இல்லை. லொறியில் ஏற்றித் திடலுக்குக் கொண்டுபோனோம். இன்றும் அங்கேதான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்த் தூசு தட்டிவிட்டு வருகிறேன். பறப்பதற்கான காப்புறுதியை இன்னமும் ஒவ்வொரு நிறுவனமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அண்மையில் ஒரு கலியாண வீட்டில் எல்லோரும் ஆட, எனக்கும் ஆசை வந்து கதிரையை விட்டு எழுந்தேன். மகள் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"அப்பா, டோன்ட் மூவ். நிண்டா மட்டும்தான் இன்சூரன்ஸ் கவர்."